யாருடைய ரிஸ்க்?

ஒரு பெரிய ஆற்றின் குறுக்கே பாலம் கட்டப்போகிறார்கள். கடன் வெளியிலிருந்து வருகிறது. கடப்பாரை மண்ணில் இறங்குவதற்கு முன்பே ஒரு தகவல் கசிகிறது: மேற்பார்வை கான்ட்ராக்ட்டைப் பிடிக்க ஒரு வெளிநாட்டு நிறுவனம் உள்ளூர் அதிகாரிகளிடம் கமிஷன் பேசியிருக்கிறது. பணம் கைமாறியதா என்று தெரியாது. பேச்சு நடந்தது என்கிறார்கள். கடன் கொடுப்பவர் என்ன செய்யவேண்டும்?

"நிறுத்து" என்பதுதான் முதலில் வாயில் வருகிற பதில். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. திருடனுக்குத் தெரிந்தே சாவியைக் கொடுப்பவனும் திருட்டில் பங்காளிதான். ஆனால் நிறுத்தினால் யாருக்கு என்ன ஆகும் என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் அந்த நியாயம் கொஞ்சம் ஆட ஆரம்பிக்கிறது.

இது கற்பனை இல்லை, வங்கதேசத்தின் பத்மா பாலத்தின் கதை. டாக்காவையும் நாட்டின் தென்மேற்கில் இருக்கும் 21 மாவட்டங்களையும் பத்மா பிரித்து வைத்திருந்தது. கடக்க ஃபெர்ரி, லாஞ்ச், சின்னப் படகுகள்தான். மழைக்காலத்தில் லாரிகள் நாள்கணக்கில் கரையில் வரிசைகட்டி நிற்கும். ஆம்புலன்ஸும் நிற்கும். 2011 ஏப்ரலில் உலக வங்கி 1.2 பில்லியன் டாலர் கடனுக்குக் கையெழுத்துப் போட்டது. ஆசிய வளர்ச்சி வங்கியும் ஜப்பானும் கூடச் சேர்ந்தன. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே கனடாவின் எஸ்என்சி-லாவலின் நிறுவனத்தில் போலீஸ் சோதனை நடந்தது. 2012 ஜூன் இறுதியில், உயர்மட்டத்தில் ஊழல் சதி நடந்ததற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இருக்கிறது என்று சொல்லி உலக வங்கி கடனை ரத்து செய்தது. அடுத்த மாதம் அமைச்சர் ஒருவர் பதவி விலகினார். சமரசப் பேச்சு, நிபந்தனைகள், வெளிநாட்டு நிபுணர் குழு எல்லாம் வந்து போயின. 2013 ஜனவரியில் வங்கதேச அரசு, உங்கள் பணம் வேண்டாம் என்று விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சொந்த பட்ஜெட்டிலிருந்து பணம் போட்டு, சீன நிறுவனம் ஒன்றைக் கொண்டு கட்டி முடித்தது. 6.15 கிலோமீட்டர். 2022 ஜூன் 25 அன்று திறந்தார்கள். செலவு 30,000 கோடி டாக்காவுக்கு மேல்.

நடுவில் இரண்டு விஷயங்கள் நடந்தன. 2014 ஆகஸ்ட் 4-ஆம் தேதி, ஈத் பண்டிகை முடிந்து டாக்கா பக்கம் திரும்பிக்கொண்டிருந்த கூட்டத்தை அளவுக்கு மீறி ஏற்றிவந்த பினாக்-6 என்ற லாஞ்ச் மாவா துறைக்கு அருகே மூழ்கியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். லாஞ்ச்சையே கண்டெடுக்க முடியவில்லை, தேடுவதைக் கைவிட்டுவிட்டார்கள். கடன் ரத்தாகாமல் இருந்திருந்தாலும் அந்த ஆகஸ்டில் பாலம் முடிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆகவே இந்தச் சாவுகளை யார் கணக்கிலும் எழுத முடியாது. ஆனால் பாலம் தள்ளிப்போன ஒவ்வொரு வருஷமும் அந்தத் துறையில் ஆட்கள் லாஞ்ச்சில்தான் ஏறிக்கொண்டிருந்தார்கள். அதை யாரும் மறுக்க முடியாது.

இரண்டாவது, 2017 பிப்ரவரியில் கனடா நீதிமன்றத் தீர்ப்பு. தொலைபேசி ஒட்டுக்கேட்பதற்குப் போலீஸ் அனுமதி வாங்கக் காட்டிய தகவல்கள் வெறும் ஊகமும் வம்பும் வதந்தியும்தான் என்று சொல்லி நீதிபதி அந்த ஆதாரத்தை ஒதுக்கினார். அது போனதும் வழக்கில் ஒன்றுமில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலை. டாக்காவில் இதை வெற்றிவிழாவாகவே கொண்டாடினார்கள். குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்பதும் குற்றம் நடக்கவில்லை என்பதும் ஒன்றில்லை என்பதை அந்தச் சந்தோஷத்தில் யாரும் பேசவில்லை. அதே எஸ்என்சி-லாவலின் 2013-இல் உலக வங்கியோடு உடன்பாடு செய்துகொண்டு பத்தாண்டு தடையை ஏற்றுக்கொண்டிருந்தது. 2024-இல் ஹசீனா அரசு விழுந்தபிறகு வங்கதேசத்தின் ஊழல் தடுப்பு ஆணையம் பத்மா ஃபைலை மறுபடி தூசி தட்டியது. ஆக, என்ன நடந்தது என்பது எனக்கோ உங்களுக்கோ இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது.

அதனால்தான் இந்த உதாரணத்தை எடுத்தேன். ஊழல் சம்பந்தப்பட்ட முடிவுகள் பெரும்பாலும் இப்படி அரைவெளிச்சத்தில்தான் எடுக்கப்படுகின்றன. முழு உண்மை தெரிந்தபிறகு நியாயம் சொல்வது சுலபம். தெரியாதபோது எடுக்கும் முடிவின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் இங்கே தார்மீகக் கேள்வி.

வளர்ச்சித் திட்டங்களின் ஆவணங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த அட்டவணை பழக்கமாக இருக்கும். இடது பக்கத்தில் ரிஸ்க்குகளின் பட்டியல். பக்கத்துக் கட்டத்தில் நடக்க எவ்வளவு வாய்ப்பு, அதற்கடுத்ததில் நடந்தால் எவ்வளவு பாதிப்பு. இரண்டையும் பெருக்கி ஒரு நிறம்: பச்சை, மஞ்சள், சிவப்பு. வறட்சி, நாணய மதிப்பு வீழ்ச்சி, ஆட்சி மாற்றம் இவற்றோடு ஒரு வரிசையில் ஊழலும் உட்கார்ந்திருக்கும். கடைசிக் கட்டத்தில் அந்த ரிஸ்க்குக்குப் பொறுப்பாளி யார் என்று ஒரு பதவியின் பெயர்.

1996-க்கு முன்னால் இந்த வரிசையே கிடையாது. ஊழல் என்பது அரசியல், நாங்கள் பொருளாதாரம் மட்டுமே பார்ப்பவர்கள் என்று உலக வங்கி அந்த வார்த்தையையே தவிர்த்துவந்தது. அந்த ஆண்டுக் கூட்டத்தில் அதன் தலைவர் ஜேம்ஸ் வுல்ஃபென்சன் ஊழலைப் புற்றுநோய் என்று வெளிப்படையாகச் சொன்னபோது பலருக்கு அதிர்ச்சி. துணிச்சலான பேச்சுதான், சந்தேகமில்லை. ஆனால் பேசாமல் மறைத்த ஒன்றைப் பேச ஆரம்பித்ததும் நிறுவனங்கள் அதை என்ன செய்யும்? ஃபார்ம் போடும். அட்டவணை போடும். பாவம் ரிஸ்க் ஆகிவிடும்.

ரிஸ்க் என்றால் நம்ம பேச்சில் என்ன அர்த்தம்? வரலாம், வராமலும் போகலாம். மழை வந்தால் கல்யாணப் பந்தல் நனைந்துவிடும் என்கிற மாதிரி. ஆனால் கமிஷன் அப்படி வானத்திலிருந்து விழுகிற சமாச்சாரமா? ராபர்ட் வேட் என்ற ஆய்வாளர் 1982-இல் தென்னிந்தியக் கால்வாய்ப் பாசனத்தின் ஊழல் அமைப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வருஷக்கணக்கில் கிராமங்களிலும் பாசனத் துறையிலும் சுற்றிப் பேசிப் பார்த்து எழுதியது. தனிப்பட்ட பொறியாளர் பேராசைக்காரரா, நல்லவரா என்பது அவர் கவலையே இல்லை. வரும்படி உள்ள இடத்துக்கு மாற்றல் வாங்கப் பொறியாளர் பணம் கொடுக்கிறார். கொடுத்ததை எடுக்க, கான்ட்ராக்டரிடம் பர்சன்டேஜும் விவசாயியிடம் தண்ணீருக்குக் காசும் வாங்குகிறார். அதில் ஒரு பங்கு மேலே போகிறது. மேலே போனது அரசியல்வாதியின் தேர்தல் செலவுக்கு உதவுகிறது. கொடுக்க மறுக்கிற பொறியாளர் மாற்றப்படுகிறார். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, நம்மில் யாருக்காவது இதில் ஆச்சரியம் இருக்கிறதா? இதை ரிஸ்க் என்பது, தினமும் காலையில் வருகிற பால்காரரை 'வரக்கூடிய வாய்ப்பு' என்று எழுதிவைப்பது மாதிரி.

நிச்சயமாக நடப்பதை ரிஸ்க் என்று எழுதும்போது ஒரு தந்திரம் நடந்துவிடுகிறது. எழுதியவருக்கு ஆகக்கூடிய தீங்கு மட்டும்தான் கணக்கில் வரும். கடன் கொடுத்தவருக்குப் பெயர் கெடும், அவர் நாட்டு நாடாளுமன்றத்தில் கேள்வி வரும், அடுத்த வருஷ நிதி குறையும். இதெல்லாம் ரிஸ்க். பத்மாவில் கடனை ரத்து செய்ததோடு வங்கியைப் பொறுத்தவரை அந்தச் சிவப்புக் கட்டம் பச்சையாகிவிட்டது. நதிக்கரையில் நிற்பவர்களின் கட்டம் என்ன நிறம் என்று கேட்க அந்தத் தாளில் இடம் இல்லை.

இந்த இடத்தில் ஒருவர் குறுக்கே வருவார். எல்லா டீக்கடையிலும் உண்டு இவர். "அட, வாங்கினா வாங்கிட்டுப் போறான் சார். வேலைய முடிச்சுக் குடுத்தானா, அதப் பாருங்க." எதையும் சகித்துக்கொள்ளாத வங்கி அதிகாரிக்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்பவர் இவர். மனிதாபிமானியாகவும் தெரிவார். பாலம் வந்தால் போதும், பத்து சதவீதம் போனால் போகட்டும் என்கிறார்.

இவருக்குப் பதிலாக ஒடிஷாவைத்தான் காட்டவேண்டும். உலக வங்கி இந்தியாவில் தான் நிதி கொடுத்த ஐந்து சுகாதாரத் திட்டங்களை விரிவாக ஆராய்ந்து 2008 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. ஒடிஷா மருத்துவமனைத் திட்டத்தில் ஆய்வுக்குழு நேரில் போய்ப் பார்த்த மருத்துவமனைகளில் மிகப் பெரும்பாலானவற்றில் குறை. ஒழுகும் கூரை, பெயர்ந்து விழும் சீலிங், பூஞ்சை பிடித்த சுவர், வேலை செய்யாத தண்ணீர்க் குழாய். அவற்றில் பல, வேலை திருப்தியாக முடிந்தது என்று சான்றிதழ் வாங்கியவை. பத்து சதவீதம் போனது என்றால் நூறில் தொண்ணூறு மருத்துவமனை மிஞ்சும் என்பது டீக்கடைக் கணக்கு. சிமென்டுக்கு அந்தக் கணக்கு தெரியாது. அந்தப் பத்து எங்கே குறைந்ததோ அங்கே கூரை ஒழுகும், ஒழுகுகிற கூரைக்குக் கீழே பிரசவ வார்டு இருக்கும். கமிஷன் வெறும் வரி இல்லை. எதைக் கட்டுவது, எங்கே கட்டுவது, எவ்வளவு பெரிதாகக் கட்டுவது என்பதையே அது தீர்மானிக்கிறது. பழுது பார்ப்பதில் கமிஷன் குறைவு, புதிதாகக் கட்டுவதில் அதிகம். பழைய ஏரியைத் தூர்வாராமல் புது அணைக்கு அடிக்கல் நாட்டுவது ஏன் என்று யோசித்தால் புரியும்.

ஆக, நிறுத்து என்பதும் தப்பு, போனால் போகட்டும் என்பதும் தப்பு. இரண்டுக்கும் ஒரே குறை. இரண்டிலுமே முடிவெடுப்பவர் நஷ்டப்படுவதில்லை. மூன்றாவதாக ஒரு வழி உண்டா என்றால், ஆப்பிரிக்காவின் தெற்கில் ஒரு சின்ன நாடு அதைச் செய்துகாட்டியது. அந்த வழி அவ்வளவு சுத்தமாகவும் இல்லை, மலிவாகவும் இல்லை என்பதையும் சேர்த்தே காட்டியது.

லெசோத்தோ. நாலாபக்கமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்த மலைநாடு. மக்கள் சுமார் இருபது லட்சம் பேர். ஏற்றுமதி செய்ய அதிகம் ஒன்றுமில்லை, தண்ணீர் மட்டும் உண்டு. 1986 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவோடு ஒப்பந்தம் போட்டார்கள்: மலைகளில் அணைகள் கட்டி, சுரங்கக் குழாய் வழியாக ஜோஹன்னஸ்பர்க் பக்கம் தண்ணீரை அனுப்புவது, அதற்கு லெசோத்தோவுக்கு ராயல்டி. கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் நிறவெறி அரசு. இன்னொருவர் அந்த ஜனவரியில்தான் ஆட்சியைக் கவிழ்த்து வந்திருந்த ராணுவ அரசு. தடைகளுக்கு உள்ளாகியிருந்த தென்னாப்பிரிக்காவுக்கு நேரடியாகக் கடன் தர முடியாது என்பதால் லண்டனில் ஒரு டிரஸ்ட் வைத்துப் பணத்தைச் சுற்றிவிட்டார்கள். மலைவாசிகளிடம் யாரும் கேட்கவில்லை. இந்த அநியாயம் எந்த அட்டவணையிலும் எந்த நிறத்திலும் வரவில்லை. டெண்டர் எல்லாம் ஒழுங்காக, ஒரு பைசா லஞ்சம் இல்லாமல் நடந்திருந்தால் அந்தத் திட்டம் 'சுத்தமானது' ஆகியிருக்கும், இல்லையா? ஊழல் இல்லை என்பது நியாயம் இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. போகிற போக்கில் சொல்கிறேன், ஆனால் இதை மறந்துவிட்டுப் பேசும் ஊழல் எதிர்ப்பு எனக்கு எப்போதும் ஒரு சந்தேகத்தைக் கிளப்பும்.

185 மீட்டர் உயரமான கட்ஸே அணை எழும்பியது. அதைக் கட்டிய லெசோத்தோ உயர்நில வளர்ச்சி ஆணையத்தின் முதல் தலைமை அதிகாரி மசூஃபா சோலே. கனடாவில் படித்த பொறியாளர். தொண்ணூறுகளின் நடுவில், நிர்வாக முறைகேடுகளுக்காக அவரை நீக்கினார்கள். இழந்த பணத்தைத் திரும்ப வாங்கச் சிவில் வழக்கு போட்டபோது அவருடைய வங்கிக் கணக்குகளைக் காட்டச் சொன்னார்கள். நூல் பிடித்துக்கொண்டே போனால் சுவிட்சர்லாந்து வந்தது. அவர் எதிர்த்தும், சுவிஸ் நீதிமன்றங்கள் கணக்குகளைத் திறந்துவிட்டன.

உள்ளே இருந்தது உலகத்தின் பெரிய பொறியியல் நிறுவனங்களின் பட்டியல். கனடா, ஜெர்மனி, பிரான்ஸ், இன்னும் பல. முறை ரொம்ப எளிமையானது. நிறுவனம் உள்ளூரில் ஒரு 'பிரதிநிதி'யை நியமிக்கும், அவரோடு முறையாக ஒப்பந்தம் போடும், சேவைக்கட்டணம் என்று சுவிஸ் கணக்கில் பணம் போடும். சில நாளில் அதில் பாதிக்கு மேல் சோலேயின் கணக்குக்குப் போய்ச் சேரும். தாளில் எல்லாம் சரியாக இருக்கும். நம்ம ஊரில் 'ஆள் வெச்சு முடிக்கிறது' என்போமே, அதே ஆள்தான், கோட்டு சூட்டில்.

லெசோத்தோ என்ன செய்திருக்கலாம்? சோலேயை மட்டும் உள்ளே போட்டுவிட்டு, வெளிநாட்டுக்காரர்களை விட்டுவிட்டிருக்கலாம். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். கொடுத்தவன் பெரியவன், வாங்கியவன் சிறியவன் என்றால் சிறியவன்தான் மாட்டுவான். ஆனால் அந்த ஏழை நாட்டின் அட்டர்னி ஜெனரலும் அரசுத் தரப்பு வழக்கறிஞர்களும் கொடுத்தவர்களையும் கூண்டில் ஏற்றினார்கள். 2002-இல் சோலேக்கு 18 ஆண்டு சிறை, மேல்முறையீட்டில் அது 15 ஆனது. அந்த செப்டம்பரில் கனடாவின் ஏக்ரஸ் இன்டர்நேஷனல் குற்றவாளி என்று தீர்ப்பு. 2.2 கோடி மலோட்டி அபராதம், பிறகு 1.5 கோடியாகக் குறைந்தது. 2003-இல் ஜெர்மனியின் லாமேயர். அடுத்த வருஷம் ஒரு பிரெஞ்சு நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டே அபராதம் கட்டியது. அணை நிற்கவில்லை. கட்ஸே முடிந்து, மொஹாலே முடிந்து, தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. வேலையும் வழக்கும் ஒரே காலத்தில் நடக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அப்போது உலக வங்கி என்ன செய்துகொண்டிருந்தது? 2002 ஆரம்பத்தில் அது தானே விசாரித்து, ஏக்ரஸைத் தண்டிக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று முடிவுக்கு வந்திருந்தது. லெசோத்தோ நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபிறகு மறுபடி எடுத்து, 2004 ஜூலையில் மூன்று வருஷத் தடை விதித்தது. லாமேயருக்குத் தடை வர 2006 ஆனது, ஏழு வருஷம். வழக்குச் செலவுக்கு உதவுகிறோம் என்று சர்வதேச நிறுவனங்கள் சொன்ன பேச்சு பேச்சாகவே போனது. மருத்துவமனைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகவேண்டிய பணத்தை எடுத்து வழக்கு நடத்திய தேசம் அது. ஊழலை எதிர்க்கச் சொல்லி ஆலோசகர்களை அனுப்பத் தாராளமாகப் பணம் இருக்கும். ஒருவன் உண்மையிலேயே எதிர்க்கும்போது பக்கத்தில் நிற்க ஆள் இருக்காது. இது எனக்குத் தெரிந்த எல்லா அலுவலகங்களுக்கும் பொருந்தும்.

லெசோத்தோவின் வெற்றியைத் தூக்கிப்பிடிப்பதற்கு முன்னால் மிச்சத்தையும் சொல்லிவிடவேண்டும். தண்டனை முடியும் முன்பே வெளியே வந்த சோலே, 2011-இல் அதே தண்ணீர்த் திட்டத்தின் இருநாட்டு ஆணையத்தில் ஆலோசகராக நியமிக்கப்பட்டார். ஆமாம், அதே திட்டம். பெரும் எதிர்ப்பு கிளம்பியது. ஆனாலும் அப்படி ஒரு நியமனத்தை யோசித்துக் கையெழுத்துப் போட ஒருவருக்குக் கை வந்ததே, அதைத்தான் நினைத்துப் பார்க்கிறேன். அணைகளில் வயலையும் மேய்ச்சல் நிலத்தையும் இழந்த மலைக் குடும்பங்களுக்கு நஷ்ட ஈடாகத் தானியமும் கொஞ்சம் பணமும் வருஷாவருஷம் கொடுத்தார்கள். அது போதாது, நேரத்துக்கு வருவதில்லை என்ற புகார் ஓயவே இல்லை. தண்டனை நடந்தது, அபராதம் கஜானாவுக்கு வந்தது, ஆனால் மொஹாலே பள்ளத்தாக்கில் மூழ்கிய வயல் மூழ்கியதுதான்.

நீதிமன்றம் வேண்டாம், முன்னாலேயே தடுக்க வழியில்லையா என்றால், இந்தோனேசியாவில் செய்து பார்த்த ஒரு சோதனையைச் சொல்லலாம். உலக வங்கிக் கடனில் ஜாவா கிராமங்களில் சின்னச் சின்னச் சாலைகள் போடும் திட்டம். பெஞ்சமின் ஓல்கன் என்ற பொருளாதார அறிஞர் 600-க்கும் மேற்பட்ட கிராமங்களை எடுத்துக்கொண்டார். சில கிராமங்களில் நிச்சயம் அரசு ஆடிட் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். வேறு சிலவற்றில் கணக்குக் கேட்கும் ஊர்க்கூட்டத்துக்கு நிறையப் பேரை அழைத்தார்கள். சாலை முடிந்ததும் பொறியாளர்கள் போய், போட்ட சாலையையே தோண்டி, எவ்வளவு ஜல்லி, எவ்வளவு மணல் உள்ளே இருக்கிறது என்று அளந்து பில்லோடு ஒப்பிட்டார்கள். ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு காணவில்லை. ஆடிட் நிச்சயம் என்று தெரிந்த இடங்களில் அது எட்டு சதவீதப் புள்ளி குறைந்தது. ஊர்க்கூட்டத்தால் சராசரியாகப் பெரிய வித்தியாசம் இல்லை. கூலியில் கைவைப்பது குறைந்தது, ஏனென்றால் கூலி வராதவன் கூட்டத்தில் எழுந்து கத்துவான். ஜல்லி குறைந்ததற்கு யார் கத்துவது? அது மண்ணுக்குள் இருக்கிறது.

எனக்குப் பிடித்தது அந்த ஆய்வின் ஒரு சின்னக் குறிப்பு. ஆடிட் வந்த கிராமங்களில் திருட்டு குறைந்த அதே வேளையில், திட்டத்தில் வேலை கிடைத்தவர்களில் பொறுப்பாளர்களின் சொந்தக்காரர்கள் அதிகமானார்கள். ஒரு கதவை அடைத்தால் ஜன்னல் வழியாக மச்சான் வருகிறான். இதைப் படித்துச் சிரித்தாலும், திருடின ஜல்லியைவிட மச்சானுக்குக் கொடுத்த வேலை மேல் என்றுதான் சொல்வேன். குறைந்தபட்சம் ரோடாவது கெட்டியாக இருக்கும்.

மறுபடியும் பணத்துக்கு வருவோம். கடன் பணம் திருடப்பட்டால் அதைத் திருப்பிக் கட்டுவது யார்? நிறைய பேருக்கு இது தெரிவதில்லை, வெளிநாட்டு உதவி என்றால் தானம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உலக வங்கித் திட்டத்தில் கொள்முதல் முறைகேடு என்று தெரியவந்தால், அந்த ஒப்பந்தத்துக்கான தொகையைக் கடனிலிருந்து ரத்து செய்வார்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் அரசிடமிருந்து திரும்பக் கேட்பார்கள். அரசு எங்கிருந்து கொடுக்கும்? உப்பு, சோப்பு, செல்போன் ரீசார்ஜ் என்று ஜனங்கள் கட்டும் வரியிலிருந்து. திருடியவன் வீடு கட்டிவிட்டான், திருட்டுக் கொடுத்தவன் அபராதம் கட்டுகிறான். வங்கி ஆவணத்தில் இதற்குப் பெயர் நிதியைப் பாதுகாத்தல்.

இன்னொன்றும் உண்டு. 2009-இல் சீமென்ஸ் நிறுவனம் உலக வங்கியோடு ஒரு உடன்பாட்டுக்கு வந்தது. மாஸ்கோ போக்குவரத்துத் திட்டம் ஒன்றில் அதன் ரஷ்யத் துணை நிறுவனம் செய்த முறைகேடு உள்ளிட்ட விவகாரம் அது. 15 ஆண்டுகளில் 10 கோடி டாலர் கொடுப்பதாக ஒப்புக்கொண்டது. யாருக்கு? உலகெங்கும் ஊழல் எதிர்ப்புப் பணி செய்யும் அமைப்புகளுக்கு. பயிற்சி, கருத்தரங்கு, விழிப்புணர்வு. நல்ல காரியங்கள் பலவும் அதில் நடந்திருக்கும், அதைக் குறைசொல்லவில்லை. ஆனால் மாஸ்கோவில் பஸ்ஸுக்கு நின்றவருக்கு அதில் ஒரு ரூபிளும் போகவில்லை. லெசோத்தோவில் அபராதம் லெசோத்தோவுக்கு வந்ததற்குக் காரணம் ஒன்றுதான், வழக்கு அந்த மண்ணின் நீதிமன்றத்தில் நடந்தது.

பத்மா விவகாரத்தில் மண்ணின் நீதிமன்றம் சரியாக இயங்கியதா என்றால் இல்லை. வங்கதேசத்தின் ஊழல் தடுப்பு ஆணையம் வழக்குப் போட்டு, 2014-இல் யாரும் குற்றவாளி இல்லை என்று தானே மூடிவிட்டது. ஆளும் கட்சியின் கையில் இருக்கும் அமைப்பு வேறு என்ன செய்யும்? அதனால் வெளியிலிருப்பவர்கள் ஒன்றுமே செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. செய்கிறவர்களுக்கும் ஒரு கூண்டு இருக்கவேண்டும் என்கிறேன். அந்தக் கனடா வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர்கள் உலக வங்கி விசாரணை அதிகாரிகளின் குறிப்புகளைக் கேட்டார்கள். போலீஸுக்குப் போன தகவலின் ஊற்று அங்கேதான் இருந்தது. வங்கி, எங்களுக்குச் சட்ட விலக்கு இருக்கிறது, காட்ட மாட்டோம் என்றது. 2016 ஏப்ரலில் கனடா உச்ச நீதிமன்றம் வங்கி சொல்வது சட்டப்படி சரி என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சட்டம் தெரிந்தவர்கள் அந்தத் தீர்ப்பில் குறை காண மாட்டார்கள். சர்வதேச நிறுவனங்கள் எல்லா நாட்டு நீதிமன்றங்களுக்கும் ஃபைல் தூக்கிக்கொண்டு அலைய முடியாதுதான். ஆனாலும், ஃபைலைத் திற, கணக்கைக் காட்டு என்று ஒரு நாட்டிடம் கேட்டவர், தன் ஃபைலைத் திறக்கச் சொன்னபோது சொன்ன பதில் இது.

கடன் கொடுக்கிறவர் சந்தேகம் வந்ததும் நிறுத்தலாம், அது அவர் உரிமை. ஆனால் நிறுத்துவதற்கான காரணத்தை, ஆதாரத்தோடு, அந்த ஆற்றங்கரையில் நிற்பவர்களுக்கு அவர்கள் மொழியில் எழுதிக் கொடுக்கட்டும். திருட்டுப்போன தொகையைக் கடனிலிருந்து தள்ளுபடி செய்து, அந்த நஷ்டத்தில் ஒரு பங்கைத் தானும் ஏற்கட்டும். தன் பணமும் போகும் என்றால் தோண்டிப் பார்க்கிற ஆட்களைச் சாலை போடும்போதே அனுப்புவார். இப்போது லெசோத்தோவில் இரண்டாம் கட்டம் நடக்கிறது, மொகோட்லாங் மாவட்டத்தில் போலிஹாலி என்ற இடத்தில் புது அணை. ஊழல் தடுப்புக் கொள்கை, புகார் எண், எல்லாம் இருக்கும். அந்த ஆணையத்தின் அலுவலகத்தில் போலிஹாலிக்கென்றும் ஒரு அட்டவணை இருக்கத்தான் செய்யும். நீரில் போகவிருக்கும் வயலின் சொந்தக்காரரிடம் அதை யாராவது காட்டினார்களா என்று கேட்டுப் பார்க்கலாம்.